தட்டுக்கு ஒரு பாயிண்ட்

ஜனவரி 11, சனி

மளிகைக் கடையில் பின்னால் ஒரு வரிசையே நிற்க, ஃபோனைக் காட்டித் தட்டினேன். பையைத் தூக்கக்கூட இல்லை, புருஷன் ரைமோ ஃபோனில் கூப்பிட்டுவிட்டான்.

"எந்தக் கார்டுல தட்டின?"

"ஏதோ ஒண்ணு."

"ஏதோ ஒண்ணா? நீலம் பெட்ரோலுக்கு, ஐலா. மளிகைக்குப் பச்சை. எத்தன தடவ சொல்றது? எவ்வளவு பாயிண்ட் போச்சு தெரியுமா?"

ஐம்பத்தாறு வயதில், கடை நடுவில், நிறம் தெரியாத பாலர் பள்ளிப் பிள்ளை மாதிரி நின்றேன். கல்லாவில் இருந்த பெண் பாவம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

என் ஃபோன் வாலட்டில் கார்டுகளை ஏற்றி வைத்தவன் அவன்தான். கணக்கெல்லாம் அவன் பேரில். எனக்கு இருப்பது மனைவிக்கென்று கொடுக்கிற கூடுதல் கார்டு. பாயிண்ட்டும் அவன் கணக்கில் போய் விழுகிறது. பில் மட்டும் பொதுக் கணக்கிலிருந்து. அதில் பாதி, நான் கால்நடை கிளினிக்கில் கடி வாங்கிக்கொண்டு சம்பாதிப்பது.

கேட்டால், "நமக்காகத்தானே சேர்க்கிறேன்" என்பான். ஹவாய் போக. முப்பதாவது கல்யாண நாளுக்கு. நான் ஹவாய் கேட்டேனா? எனக்கு வெயில் ஆகாது என்பது இத்தனை வருஷத்தில் இவன் காதில் விழவே இல்லையா?

ஜனவரி 12

கடைக்குப் போகவில்லை. பால் இல்லாத காபி. இருக்கட்டும்.

ஜனவரி 24, வெள்ளி

சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன். பயத்தில் இல்லை.

சாப்பிடும்போது வெகு சாதாரணமாகக் கேட்டான்: "நேத்து மதியம் ஏரிக்கரை பான்கேக் கடையில ரெண்டு பேர் சாப்பிட்ட கணக்கு இருக்கே. யாரு கூட?"

"மளிகைக் கணக்க மட்டும்தான் பாக்கறேன்னு நெனச்சேன். இது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ தட்டினா என் ஃபோன்ல மணி அடிக்குமே. கடை பேரு, தொகை, எல்லாம் வரும். எல்லாம் பாதுகாப்புக்குத்தான். கறுப்புக் கார்டுலதான் தட்டியிருக்க. இந்தத் தடவ சரி."

பாராட்டு வேறு!

"ஜானிஸோட," என்றேன். கிளினிக்கில் என் பக்கத்து மேஜைக்காரி. பொய்தான். தம்பியோடு சாப்பிட்டேன் என்று என் வீட்டு மேஜையில் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆர்வோ மூன்று வருஷம் முன்பு குடித்துவிட்டு ரைமோவின் டிரக்கை எடுத்துப் போய்ப் பள்ளத்தில் இறக்கினான். அன்றோடு இந்த வீட்டு வாசல் அவனுக்கு மூடியாயிற்று. அன்றைக்கு நானும் மறுக்கவில்லை. ஆனால் போன வசந்தத்திலிருந்து அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. டயர் கடையில் வேலை, வாராவாரம் குடியை விட்டவர்கள் கூட்டத்துக்குப் போகிறான், வியாழன்தோறும் என்னோடு பான்கேக் தின்கிறான். அவ்வளவுதான் என் கள்ளத்தனம்.

அப்படியானால் இத்தனை நாளாக ஒவ்வொரு தட்டுக்கும் அங்கே மணி அடித்திருக்கிறது. மருந்துக் கடை. முடி வெட்டும் இடம். போன கோடையில் ஒரு மனநல ஆலோசகரிடம் ரெண்டு தடவை போனேனே, அதுவும். எல்லாம் தெரிந்துகொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறான். அதுக்கு எந்தக் கார்டு என்று யோசித்துக்கொண்டிருந்தானோ!

ஜனவரி 30, வியாழன்

இன்று பான்கேக்குக்கு நோட்டாகக் கொடுத்தேன். சாயங்காலம்: "ஏடிஎம்ல காசு எடுத்திருக்க. காசு குடுத்தா ஒரு பாயிண்ட்டும் வராது, தெரியும்ல?"

வாயில் வந்ததை எழுதினால் தாள் கிழியும்.

பிப்ரவரி 6, வியாழன்

நான் என்ன திருடியா? எதற்கு ஒளிய வேண்டும்? கடைக்குள் போனதும் வேண்டுமென்றே ஃபோனை எடுத்துத் தட்டினேன். அங்கே முதலிலேயே பணம் கட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அடிக்கட்டும் மணி.

பாதி சாப்பிடுவதற்குள் ரைமோ வந்து நின்றான். ரயில் பணிமனை உடுப்போடு, பூட்ஸில் பனியோடு. எனக்கு வேறு ஆள் என்று நினைத்திருப்பான் போல. ஆர்வோவைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வந்து, அதன் மேல் கோபம் ஏறியது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"ஜானிஸுக்குத் தாடி முளைச்சிருக்கே," என்றான். "என் பாயிண்ட்லயா இவனுக்குச் சோறு?"

கடை முழுக்கக் கேட்டது. ஆர்வோ எழுந்தான். "அத்தான், அக்காவைத் திட்டாதீங்க. நான் போயிடறேன்."

"போ. போற வழியில எவன் வண்டியாவது நிக்கும், பாத்து எடுத்துக்கோ."

ஆர்வோ கோட்டைக்கூடச் சரியாகப் போடாமல் போய்விட்டான்.

"உன் பாயிண்ட்டா?" என்றேன். "என் சம்பளத்துல, என் விரலால தட்டினது. உனக்குன்னு எங்கேருந்து வந்தது?"

"மெதுவா பேசு, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே! நீ மட்டும்தான் என்னைப் பாக்கணுமா?"

ஆர்வோவின் ஃபோன் அடிக்கவே இல்லை. நேராகக் குரல் பதிவுக்குப் போகிறது.

பிப்ரவரி 7

எடுக்கவில்லை. டயர் கடைக்கும் வரவில்லையாம். அவன் வாடகை அறைக் கதவைத் தட்டினேன், ஆள் இல்லை. வெளியே மைனஸ் முப்பது. கடவுளே, அவன் குடித்திருந்தால் நான் இந்த மனுஷனை—

பிப்ரவரி 8, சனி

கிடைத்தான். கூட்டத்தில் பழக்கமான ஒரு கிழவர் வீட்டுச் சோபாவில். கண் சிவந்திருந்தது.

"குடிக்கல, அக்கா. ஆனா குடிக்கத்தான் போனேன்."

மதுக்கடைக்குப் போய், பாட்டிலை எடுத்து, கல்லா வரை போயிருக்கிறான். இவனும் பர்ஸ் வைத்துக்கொள்வதில்லை, எல்லாம் வாலட்தான். ஃபோனை நீட்டினால், குளிரில் பேட்டரி செத்துக் கிடந்திருக்கிறது. சட்டைப் பையில் ஒரு சில்லறை இல்லை.

"கல்லாக்காரன் சொல்றான், 'அங்க போய் கொஞ்சம் சார்ஜ் போட்டுட்டு வாங்க சார்'னு. என்ன மரியாதை பாரு! நானும் போட்டேன், அக்கா. அந்தப் பிளக் பக்கத்துல நின்னுட்டே இருந்தேன். அது உயிர் வரதுக்குள்ள எனக்கு அழுகை வந்துடுச்சு. பாட்டிலைத் திருப்பி வச்சுட்டு, ஃபோனைக்கூட எடுக்காம ஓடி வந்துட்டேன்."

சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் குத்தினேன்.

பிப்ரவரி 9

ரைமோவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். "அவன் குடிச்சா அதுக்கு நான் பொறுப்பா?" என்றான்.

"இல்ல. ஆனா மணி அடிச்சதும் ஓடி வந்தது நீ. ரெண்டு நாள் அவன் உயிரோட இருக்கானான்னு நான் தேடினப்போ வீட்டுல உக்காந்திருந்ததும் நீ."

அவன் பார்க்கும்படியே ஃபோனை மேஜையில் வைத்து, வாலட்டைத் திறந்து, பச்சை, நீலம், கறுப்பு, அந்த நாலாவது கண்றாவி, ஒவ்வொன்றாக நீக்கினேன். ஒவ்வொரு தடவையும் 'நிச்சயமாகவா?' என்று அது கேட்டது. நிச்சயமாகத்தான்.

பிப்ரவரி 14, வெள்ளி

மதிய இடைவேளையில் வங்கிக்குப் போய் என் பேரில் மட்டும் ஒரு கணக்கு தொடங்கினேன். இனிச் சம்பளம் அங்கேதான் வரும். வீட்டுச் செலவில் என் பங்கை நானே அனுப்புவேன். இருப்பதிலேயே மலிவான கார்டைக் கேட்டேன். அங்கிருந்த பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. "மேடம், இதுல ஒரு பாயிண்ட்டும் வராதே. பரவாயில்லையா?"

"அதுக்காகத்தான் கேக்கறேன்," என்றேன்.

காதலர் தினமாம். ரைமோ பூ வாங்கி வந்தான். எந்தக் கார்டில் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 3

அவன் ஹவாய்க்கு டிக்கெட் போட்டுவிட்டான். ரெண்டு பேருக்கு. என்னைக் கேட்காமல்! வரமாட்டேன் என்றேன். கத்தவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

மார்ச் 20

"மணி அடிக்கறதை நிறுத்திட்டேன்," என்று அவனாக வந்து சொன்னான்.

அடிக்க என்ன மிச்சம் இருக்கிறது? அப்படியே சொன்னேன். "அந்த ஆலோசகர்கிட்ட எதுக்குப் போன?" என்று கேட்டான். எட்டு மாதம் கழித்து. சொன்னேன். உட்கார்ந்து முழுக்கக் கேட்டான். எழுந்து போகும்போது கதவு நிலையில் இடித்துக்கொண்டான்.

ஏப்ரல் 12, சனி

ரைமோவை விமான நிலையத்தில் விட்டு வந்தேன். என் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுத் தனியாகத்தான் போகிறான். "இப்பக்கூட வரலாம்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், அது அவனுக்கும் தெரியும்.

வழியில் சொன்னேன்: "இன்னிக்கு ஆர்வோவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். நம்ம வீட்டுக்கு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இறங்கி, பெட்டியை எடுத்து, கதவைச் சாத்தப் போனவன் குனிந்தான். "காலையிலேயே மீனை ஃப்ரீசர்லேருந்து வெளிய எடுத்து வச்சுட்டேன். நீ போய் எடுத்தா ராத்திரி வரைக்கும் உருகாது."

நான் அவனிடம் இப்போதுதான் சொன்னேன். அவன் எப்படி முன்பே எடுத்து வைத்தான்? ஆர்வோவிடம் அவனே பேசியிருக்கிறான்! கேட்பதற்குள் உள்ளே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தால், சிங்க்கில் பெரிய பிக்கரல் மீன், அவனே உறைந்த ஏரியில் துளை போட்டுப் பிடித்தது. ஆர்வோ ஆறு மணிக்கு வந்தான். வாசல் மிதியடியில் பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"எங்க வேணா வைடா," என்றேன்.

கோபம் இன்னும் தீரவில்லை. மீன் நன்றாக இருந்தது.