முன்மொழிய ஆளில்லாத அணி

கராஜ் கதவைத் தூக்கினால் முதலில் வருவது கோல் வலைகளின் மணம். ஈரப்புல்லும் சேறும் நைலோனும் கலந்து, காய்ந்தும் காயாமலும் இருக்கும் மணம். உதைபந்தாட்டப் பருவம் முடிந்து இரண்டு கிழமையாகிறது. இன்னும் அவற்றை எடுத்து வெயிலில் விரிக்கவில்லை. நீ இருந்திருந்தால் கடைசி ஆட்டம் முடிந்த அன்று மாலையே, குவேக்கர்ஸ் ஹில் வீட்டின் பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பியில் விரித்துக் கழுவியிருப்பாய். "என்ன, கலியாணப் பந்தலோ?" என்று உன் மனைவி குசினி யன்னலால் கேட்டிருப்பார்.

மார்ச் மாதம் அவர்தான் வலைகளைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். "அண்ணை, இதுகளைப் பாக்கப் பாக்க எனக்கு ஏலாமல் கிடக்கு. நீங்கள் வைச்சிருங்கோ" என்றார். நீ போய் அப்போது இரண்டு மாதம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒவ்வொரு வருடமும் இந்த நேரத்தில் பத்திரிகைக்குப் பருவத்தின் தொகுப்பை எழுதுவேன். எழுதியதும் உனக்குத்தான் தொலைபேசியில் வாசித்துக் காட்டுவேன். இடையில் எங்காவது நிறுத்தி, "மச்சான், அந்தக் கோல் இடது காலாலை அடிச்சது" என்பாய். இந்த முறை நான்கு நாட்களாக மேசையில் இருக்கிறேன், முதல் பந்தி வரவில்லை. அதனால் அதை வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

நம்முடைய லீக் என்னவென்று வெள்ளைக்கார நடுவர்களுக்கு விளக்குவது உனக்குப் பெரிய பொழுதுபோக்கு. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள், சிட்னியின் மேற்கில், குளிர்காலத்து ஞாயிறுகளில் கிரவீன் மைதானத்தில் மோதிக்கொள்வது. படித்தவர்களுக்கு முழங்கால் போய்விட்டதால் மகன்மார் விளையாடலாம் என்று முதலில் விதியைத் தளர்த்தினார்கள். மகன்மார் காணாமல் போனபோது மருமகன்மாரும் விளையாடலாம் என்றார்கள். பத்து ஆட்களும் பதினொரு குளிரங்கியுமாக நின்று, கால்பங்கு நேரம் பந்தையும் முக்கால்பங்கு நேரம் நடுவரையும் துரத்துகிற லீக்.

அங்கே எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எந்தக் கல்லூரி? ரோல்ஸ் விற்கும் கூடாரத்தடியில் சுதனிடமும் நீ அதைத்தான் கேட்டாய். படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, தற்காலிக விசாவோடு வெளியே விடப்பட்டு, பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தவன். முப்பது வயதிருக்கும். வன்னியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னான். சுற்றி நின்ற ஒருவருக்கும் அது தெரியவில்லை.

"அதுக்கு இஞ்சை சங்கம் இல்லை, அங்கிள்."

"சங்கம் கிடக்கட்டும். நீ என்ன விளையாடுறனி?"

"கீப்பர்."

அவனைப் போல எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அன்றுதான் நீ தேடத் தொடங்கினாய். பெண்டில் ஹில் கடைகளிலும் கோயில் வாசலிலும் விசாரித்து ஓர் அணியளவு ஆட்களைப் பிடித்தாய். ஒவ்வொருவனும் ஒவ்வொரு பள்ளிக்கூடம். எதற்கும் இங்கே சங்கம் இல்லை.

அந்த அணியைச் சேர்க்கும்படி நீ கேட்ட கூட்டம் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. நிருபர் என்றபடியால் பின்வரிசைக் கதிரையில் இருந்தேன். லீக் தலைவர், கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது கல்லூரிகளின்ரை லீக். கல்லூரி இல்லாமல் எப்பிடிச் சேர்க்கிறது?"

"உங்கடை முன்வரிசையிலை விளையாடுற தம்பி டுபாயிலை படிச்சவர்" என்றாய்.

"அவர் எங்கடை மருமகன்."

"அவருக்குக் கல்லூரி சீதனமா வந்திருக்கு. உவங்களுக்கு ஆர் குடுக்கிறது?"

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. சிரித்தவர்கள் எல்லோரும் உன் பக்கம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. விருந்தினர் அணியாக விளையாடலாம், ஆனால் புள்ளி கிடையாது என்று முடிவெடுத்தார்கள். வென்றாலும் பட்டியலில் வராது. அவர்களிடம் தோற்றாலும் எவருக்கும் நட்டமில்லை.

புள்ளி இல்லாத ஆட்டத்துக்கு எங்கள் ஆட்கள் எப்படி வருவார்கள் என்பதை அந்த முதல் வருடமே பார்த்தோம். பாதி அணி வரும், அதிலும் பாதி சப்பாத்து இல்லாமல். சுதன் கோலுக்குள் நிற்பான், பந்து வராது. மைதானத்தில் அவர்களுக்கு 'மிக்சர்' என்று பெயரும் விழுந்தது. வைத்தவர் உன் கல்லூரிக்காரர்தான், பின்வரிசை ஆட்டக்காரர், ஊரெல்லாம் தெரிந்த பல் டொக்டர். எல்லைக்கு வெளியே, கோடு கீறும் சுண்ணாம்பு வண்டியோடு நின்ற நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டொக்டர், கவனமாக் கடியும். மிக்சருக்குள்ளை கல்லுக் கடலையும் இருக்கும். பல்லுப் போச்செண்டால் உமக்கு ஆர் கட்டுறது?"

அடுத்த வருடம் புள்ளி வாங்கிக் கொடுத்தாய். விதி ஒன்றுதான்: ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு கல்லூரிச் சங்கம் அந்த அணியை முன்மொழிய வேண்டும். உன் கல்லூரியின் பெயரில் நீ எழுந்து நிற்பாய், யாராவது வழிமொழிவார்கள், தேநீர் வரும். அவ்வளவு சுலபமாக நடந்ததால் அதை ஒருவர் நடத்திவைக்கிறார் என்பதையே எல்லோரும் மறந்துபோனோம். அணி அரையிறுதிவரை போனது. சுதன் தடுத்த தண்டனை உதையைப் பற்றி நான் எழுதியதை அவன் தாய்க்குப் படமெடுத்து அனுப்பினான். அந்த விசாவோடு அவன் போய்ப் பார்க்க முடியாத தாய்.

இந்த வருடக் கூட்டம் உனக்கு ஒரு நிமிட மௌனத்தோடு தொடங்கியது. தலைவரின் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. உன் படத்துக்கு மாலை போட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் அந்த அணியின் முறை வந்தபோது தலைவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உன் கல்லூரிக்காரர் என் கல்லூரிக்காரரைப் பார்த்தார்கள். எவரும் எதிர்க்கவில்லை. எவரும் முன்மொழியவும் இல்லை. நீ செய்வாய் என்று இருந்து பழகிவிட்டார்கள். "அப்ப இந்த முறை விருந்தினராக இருக்கட்டும்" என்று தலைவர் அடுத்த விடயத்துக்குப் போனார். கெட்ட எண்ணத்தில் நடந்தது என்றால் எழுதவாவது சுலபமாக இருந்திருக்கும்.

பருவம் அப்படியே போனது. மழை பெய்தால் காலையில் மைதானம் மூடியாயிற்று என்று கவுன்சிலிலிருந்து செய்தி வரும். மழை இல்லாத ஞாயிறுகளில் எதிரணி வராது. சுதனும் மற்றவர்களும் வலையைக் கட்டி, கொடி நட்டு, காத்திருந்துவிட்டு, வலையைக் கழற்றுவார்கள். ஒருவன் பிறிஸ்பேனுக்கு வேலைக்குப் போனான். இன்னொருவன் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டான்.

கடைசி ஞாயிறு அவர்கள் விளையாட வேண்டியது உன் கல்லூரியோடு. உன் கல்லூரி ஏற்கெனவே இறுதிக்குத் தெரிவாகியிருந்தது. புள்ளியில்லாத ஆட்டத்தில் கால் முறியக்கூடாது என்று வாட்ஸ்அப்பில் ஆட்களை மறித்துவிட்டார்கள். நடுவர், இளம் வெள்ளைக்காரப் பெண், விதிப்படி பந்தை நடுவில் வைத்து வெறும் கோலுக்குள் அடித்தால் வெற்றி என்று எழுதலாம் என்றாள். சுதன் என்னைப் பார்த்தான்.

"எழுதி என்ன அங்கிள், பட்டியலிலை வராதே."

அப்போது கார் ஒன்று வந்து நின்றது. பல் டொக்டர் இறங்கினார். முழு உடுப்போடு, காலுறை முழங்கால்வரை இழுத்துவிட்டு, தனியாக.

"மெசேஜ் பாக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"பாத்தனான்" என்றார். குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கினார். "அவன் இருந்தால் வந்து கதவிலை தட்டியிருப்பான்."

சுதன் சிரித்தான். "ஒரு ஆளை வைச்சு என்ன செய்யிறது டொக்டர்? வாங்கோ, மிக்சருக்குள்ளை விழுங்கோ." தங்களை இரண்டாகப் பிரித்து, அரை மைதானத்தில் குறுக்காக விளையாடினார்கள். நடுவர்கூட நின்று விசில் ஊதினாள். டொக்டர் மூன்று தடவை விழுந்தார், ஒவ்வொரு தடவையும் தவறு மற்றவனுடையது என்றார். நல்ல ஆட்டமில்லை. ஆனால் இந்தப் பருவத்தில் அந்தக் கோலுக்குப் பந்து ஒழுங்காக வந்த ஒரே நாள் அதுதான்.

மாலை தலைவர் தொலைபேசி எடுத்தார். "ஆட்டம் நடக்கேல்லை எண்டு போடுங்கோ, என்ன" என்றார். தொலைபேசியை வைத்தேன். சுதன் பிற்பகலில் கேட்ட கேள்வி காதில் நின்றது.

வலையைச் சுருட்டும்போது கேட்டான். "மெல்பேணிலை எனக்கொரு மச்சான் இருக்கிறார், அங்கிள். கேரம் டவுன்ஸ் பக்கம் வேலை எடுத்துத் தாறன் எண்டு நிக்கிறார். சம்பளமும் கூட. இண்டைக்குப் பதில் சொல்ல வேணும்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த வருஷம் எங்கடை டீம் இருக்கோ? விருந்தினரா இல்லை, புள்ளியோடை."

"உதுக்காகவே நல்ல வேலையை விடப்போறாய்?"

"ஞாயிற்றுக்கிழமை இருக்கெண்டுதான் இவ்வளவு காலமும் சிட்னியிலை நிண்டனான். அது இல்லையெண்டால் எல்லா ஊரும் எனக்கு ஒண்டுதான்."

நாற்பது வருடமாக எழுதுகிறேன். நடக்கும் என்று தெரியாத ஒன்றை நடக்கும் என்று எழுதியதில்லை. கேட்டவன் வாசகனுமில்லை. களைப்பாக இருந்தது. கூட்டம் கோடை முடியும்போது வரும். ஒரு கல்லூரி எழுந்து நிற்க வேண்டும். என் கல்லூரிச் சங்கத்தில் எனக்கு அங்கத்துவம்கூட இப்போது இருக்கிறதோ தெரியாது. "நீர் எழுதிற ஆள் எல்லோ, உதுக்குள்ளை ஏன் வாறீர்?" என்று தலைவர் கேட்பதும் எனக்கு இப்போதே கேட்கிறது.

"ஓம். இருக்கு" என்றேன்.

அவன் அங்கேயே நின்று மெல்பேணுக்கு எடுத்தான். "மச்சான், நான் வரேல்லை" என்று சொன்னது எனக்குக் கேட்டது. காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டத்தில் நீ அவ்வளவு சுலபமாக எழுந்து நின்றது எப்படி என்று உன் மனைவியிடம் கேட்டேன். கூட்டத்துக்கு முந்திய மாதம் முழுவதும் நீ வீடுவீடாகப் போய், வேறு கதைகள் கதைத்து, தேநீர் குடித்து, வெளிக்கிடும்போது வாசலில் வைத்து மட்டும் அந்த விடயத்தைச் சொல்வாயாம். "சீனி வியாதியோடை எல்லா வீட்டிலையும் தேத்தண்ணி குடிச்சவர் அண்ணை" என்றார். எனக்குத் தெரியாது. எத்தனை வருடம் உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன், இது தெரியாது.

இப்போது என்னிடம் இருப்பது அந்த ஓம். அது இன்னும் உண்மையாகவில்லை. நாளை மாலை என் கல்லூரிச் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போகிறேன்.