நீர்நாய்க்காகப் பிடித்த குடை

மார்ச் 4, செவ்வாய்

நான்காம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் நீர்நாய் பாடத்துக்கு வந்திருக்கும் படம் கீரி! மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது கையெழுத்து எங்கள் பாடநூல் பிரிவின் தலைவருடையது. கல்லூரியில் நாங்கள் கொக்கு என்று கூப்பிட்ட ஆள்.

அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

“அப்ப நீயே போய் எடுத்துட்டு வாயேன். கேமராவ வாங்கித் தூங்க வச்சிருக்கியே.”

“சரிங்க சார்.”

“என்னடா, சார் மோர்னு…”

வெளியே வந்துவிட்டேன். பதினோரு வருடங்களுக்கு முன் இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் என் பெயர் இல்லாமல் வெளிவந்தது. அச்சகத்தில் விட்டுப்போய்விட்டதாம். அன்றிலிருந்து அவர் எனக்கு ‘சார்’தான்.

படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் வரும். இந்தத் தடவையாவது வருமா?

மார்ச் 5, புதன்

மிருகக்காட்சிசாலை. நீர்நாய் இருக்கும் குளத்துக்கு முன்னால் ஆளுயரக் கண்ணாடி. நூற்றுநாற்பது படங்கள் எடுத்தேன். வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தால், எல்லாவற்றிலும் நீர்நாயின் வயிற்றின்மேல் என் முகம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “அது சந்தோஷமாத்தாங்க இருக்கு. நீங்கதான் மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்கீங்க.”

ஒட்டகச்சிவிங்கி மட்டும் நன்றாக வந்திருக்கிறது. அதன் நாக்கு கருநீலம் என்பது ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. இலையை இழுத்து, என்னைப் பார்த்தபடியே மென்றது. அதற்கு எந்த அவசரமும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

நீர்நாய்க் காப்பாளருக்குப் போன் செய்தேன். “பின்னாடி வெளிச்சம் இருந்தா அப்படித்தான் சார் விழும். கறுப்பா எதையாவது புடிச்சுக்கிட்டு ஒருத்தர் உங்களுக்குப் பின்னாடி நிக்கணும். காலைல எட்டரைக்கு மீன் போடுவேன், வந்துடுங்க.”

மனைவிக்கு வேலை. மகள் வெளியூரில். வேறு யார் எனக்குப் பின்னால் வந்து நிற்பார்கள்?

படம் சரியாக வரவில்லை என்று தலைவரிடம் போய்ச் சொன்னேன். காரணத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று.

“பெரிய குடை இருக்கு. நான் வரேன்” என்றார்.

வேண்டாம் என்பது நாக்கு நுனி வரை வந்தது. அடுத்த வெள்ளி புத்தகம் அச்சுக்குப் போகிறது. விழுங்கிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கறுப்புச் சட்டை, கறுப்புக் குடை, பேய்ப் படத்தில் நடிக்க வந்தவர் மாதிரி. குடையை விரித்து என் தலைக்குப் பின்னால் பிடித்தார். கண்ணாடியில் என் முகம் மறைந்தது. நீர்நாய் மட்டும்.

மீன் விழுந்ததும் அது மல்லாந்து மிதந்தபடி, இரண்டு கைகளாலும் பிடித்துத் தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. மீசை முழுக்க நீர்த்துளி.

“ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா சார்?” என்று கேட்டார் காப்பாளர். “பேசிக்கவே மாட்டேங்கிறீங்களே.”

முக்கால் மணி நேரம். தலைவர் கை மாற்றி மாற்றிப் பிடித்தார். காப்பாளர் வாளியோடு அந்தப் பக்கம் போனதும், பின்னாலிருந்து—

“அச்சகத்துல விடலடா. நான்தான் உன் பேர எடுத்தேன். அந்த வருஷம்தான் தலைவர் பதவிக்கு ஆள் எடுத்தாங்க. நீ வந்துடுவியோன்னு பயம்.”

நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீர்நாய் அப்போதுதான் நேராக என்னைப் பார்த்துத் திரும்பியது.

“தெரியும். குடைய இடது பக்கம் தள்ளுடா, வெளிச்சம் வருது.”

தள்ளினான்.

‘டா’ வந்துவிட்டது. இனி அதை எப்படித் திரும்ப வாங்குவது?

பயமாம். என்னைப் பார்த்து! எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

மார்ச் 8, சனி

இன்று முறையாகக் கோபப்படலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. மாலை வரை நீர்நாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12, புதன்

அச்சுக்குப் போகும் முன் கடைசியாகத் திருத்த வேண்டிய பக்கங்கள் வந்தன. என் நீர்நாய் அரைப் பக்கத்துக்கு மல்லாந்து கிடக்கிறது. ‘படம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெற்றிடம். கொக்கு ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறான்: “நீயே எழுதிக்கோ.”

குடை பிடித்தவன் பெயரை யாரும் போடுவதில்லை. விட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அச்சகத்தில் விட்டுப்போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

பேனாவை மூடினேன். திரும்பத் திறந்தேன்.

என் பெயர். அதற்குப் பக்கத்தில் அவன் பெயர்.

அகர வரிசைப்படி அவன்தான் முதலில் வர வேண்டும். அதற்கெல்லாம் போக வேண்டியதில்லை.