உப்புக் கிட்டங்கிச் சுவரருகே

மாஸ்டர்,

இன்று காலை பீரோ மேலிருந்த உங்கள் அட்டைப்பெட்டியை இறக்கித் திறந்தேன். கடல் வாசம் வந்தது. சித்திரை வெயிலில், திருப்பூர் மண்ணரையில், என் வீட்டுக்குள். போட்டோக்களைச் சட்டை போடும் பாலிதீன் பையில் வைத்து, வாயை நன்றாக ஒட்டித்தான் வைத்திருந்தேன். பையின் உட்புறம் முழுக்க நீர் கோத்திருந்தது. ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்க கை வேர்வையா இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உங்களுக்கு முதலில் ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டும். எனக்கு இப்போது எழுத்து தெரியும். சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. ஒரு வருடமாகப் போகிறேன். போன வாரம் பஸ் பலகையில் வேலம்பாளையம் என்று நானே படித்து ஏறினேன். வேலம்பாளையத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. படித்த சந்தோஷத்துக்காக ஏறினேன். இறங்கி, டீ குடித்துவிட்டு, கடைப் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே நடந்து வந்தேன். இந்தக் கடிதத்தையும் நானே எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு டீ ஆகிறது.

நல்லூர் பனியன் கம்பெனியில் நீங்கள் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். நான் கறை எடுக்கும் ஆள். தைத்து வரும் பனியனில் எண்ணெய்ப் பொட்டு விழுந்திருந்தால், மருந்தடித்து, சுரண்டி, இருந்த இடம் தெரியாமல் எடுக்க வேண்டும். முப்பது வருடம் அதுதான் செய்தேன். மதியச் சோற்றுக்கு நீங்கள் என் மேஜைக்கு வருவீர்கள். தீபாவளி லீவில் தெற்கத்தி ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய்க் கருப்பட்டியோடு வருவார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே உங்கள் கடற்கரை ஊருக்குப் போகும் நீங்கள் மட்டும் போட்டோக்களோடு வருவீர்கள்.

பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று வைத்திருந்தீர்கள். லீவு நாள் முழுக்கக் கரையோரம் நடப்பீர்களாம். நண்டு வளைகள், மணலில் புதைந்த வள்ளத்தின் விலா எலும்புகள், கடல் தின்ற பனைமரங்கள், தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போகும் கல்படிகள், எல்லாம் எடுத்து வருவீர்கள். ஆனால் எத்தனை எடுத்தாலும் ஒரு இடம் மட்டும் ஒவ்வொரு வருடமும் இருக்கும். உப்பு மூட்டை அடுக்கிய பழைய கிடங்கின் சுவர். கிட்டங்கி என்பீர்கள். கூரை போய், மூன்று சுவர் போய், மிச்சமிருந்த ஒரு சுவர். அதற்கு அப்பால் வெறும் கடல். அந்தப் படத்தில் ஆளே இருக்காது. ஏன் இதையே எடுக்கிறீர்கள் என்று கேட்டால், கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று பார்க்க என்பீர்கள்.

பிரிண்ட் போட்டதும் கேமராவில் இருப்பதை அழித்துவிடுவீர்கள். அதனால் எந்தப் படத்துக்கும் கையில் இருந்த பிரிண்ட் ஒன்றுதான்.

ஒரு வருடம் படக்கட்டை என் மேஜையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனீர்கள். கிட்டங்கிச் சுவர் படத்தைப் பார்த்தேன். சுவருக்குப் பக்கத்தில், அலை ஓரத்தில், உளுந்து அளவுக்குக் கறுப்பாக ஒரு பொட்டு. மற்ற வருடப் படங்களில் அது கிடையாது. மெஷின் எண்ணெய் பட்டுவிட்டது என்று நினைத்தேன். நீங்கள் வருவதற்குள் எடுத்து வைத்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று பஞ்சில் மருந்து தொட்டுத் துடைத்தேன். பொட்டு போய்விட்டது. கூடவே அந்த இடத்துக் கடலும் போய், வெள்ளையாக ஓர் ஓட்டை நின்றது.

நீங்கள் வந்து படத்தை எடுத்துப் பார்த்தீர்கள். சோறு ஆறும்வரை பார்த்தீர்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். "கறைன்னு நெனைச்சு எடுத்தீங்க. எடுக்கதுதான அண்ணாச்சி உங்க வேலை" என்றீர்கள். அன்று நீங்கள் சாப்பிடவில்லை.

அடுத்த தீபாவளிக்கு என்னையும் ஊருக்குக் கூப்பிட்டீர்கள். அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. கரையோரம் காலையிலிருந்து நடந்தோம். நீங்கள் குனிந்தும் மண்டியிட்டும் எதை எதையோ எடுத்தீர்கள். எனக்குக் கால் வலித்தது, ஆனால் வாய் ஓயவில்லை. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு பனியனுக்குக்கூடச் சாயம் போட முடியாதே என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். கிட்டங்கிச் சுவர் வந்ததும் சிரிப்பு நின்றது.

உச்சி வெயில். நிழல் காலடியில் சுருண்டிருந்தது. என்னைச் சுவருக்குப் பக்கத்தில், அலை ஓரமாக நிறுத்தினீர்கள். "ரெண்டு எட்டு வலது பக்கம் வாங்க அண்ணாச்சி" என்றீர்கள். நகர்ந்தேன். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றீர்கள். அலைச் சத்தம் நின்றுவிட்டது. அலை வந்துகொண்டுதான் இருந்தது, என் கால் நனைந்துகொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. பிறகு கேமராவை இறக்காமலே சொன்னீர்கள், உங்கள் அண்ணன் அந்த இடத்திலிருந்துதான் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை என்று. அப்புறம் கேட்டீர்கள்.

"பக்கத்துல யாராச்சும் நிக்க மாதிரி இருக்கா அண்ணாச்சி?"

"இல்லீங்க மாஸ்டர். யாருமில்லீங்க" என்றேன்.

படம் எடுத்தீர்கள். கேமராவைப் பையில் போட்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் கேமராவைத் தொடவில்லை. தீபாவளி லீவிலும் ஊருக்குப் போகாமல் திருப்பூரிலேயே இருந்தீர்கள். கடைகள் பூட்டிக் கிடந்த தெருவில் என்னோடு உட்கார்ந்து டீ குடித்தீர்கள். ஏன் என்று கேட்டால், எடுத்தாச்சு அண்ணாச்சி என்பீர்கள். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் இந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்தீர்கள். திரும்பி வாங்கிக்கொள்ள நீங்கள் வரவில்லை.

படங்களின் பின்பக்கம் நீங்கள் பென்சிலில் எழுதியிருப்பது எனக்குத் தெரியும். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். உங்கள் எழுத்தை இன்னொருவர் வாயால் கேட்க மனம் வரவில்லை. வகுப்பில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்று ஈரத்தைத் துடைத்துக் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றாகப் படித்தேன். "ஏனுங்க, ஒரு போட்டோவுக்கு ஒரு மணி நேரமா மொணங்குவீங்க" என்று என் மனைவி கேலி செய்தாள். நண்டு வளை. பனை. கல்படி. ஒவ்வொன்றையும் கூட்டிப் படித்து முடிக்கும்போது எனக்கு அவ்வளவு ஆனந்தம்.

பிறகு வெள்ளை ஓட்டை விழுந்த படத்தைத் திருப்பினேன். எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். "அண்ணன். எடுக்கும்போது அங்கே யாரும் இல்லை. படத்தில் இருக்கிறான்."

நான் எண்ணெய் என்று நினைத்துத் துடைத்தது அவரையா, மாஸ்டர்? அத்தனை வருடம் நடந்து, ஒரே ஒரு படத்தில் உங்களுக்குக் கிடைத்தவரையா? அன்றைக்கு அதைச் சொல்லாமல் என்னை எப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்?

கடைசியில் என் படம். சுவர் ஓரம் பல்லைக் காட்டிக்கொண்டு நான் ஒருவன்தான் நிற்கிறேன். என் சட்டையின் இடது கை மட்டும் கறுத்திருக்கிறது. துணியில் எது கறை, எது நனைவு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். அது நனைவு. பின்பக்கம் இப்படி எழுதியிருந்தீர்கள்.

"கேட்டேன். யாருமில்லை என்றார். அவர் பொய் சொல்ல மாட்டார். இனி எடுக்க வேண்டாம்."

இதைப் படிக்க ஒரு மணி நேரம் ஆகவில்லை. ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

மாஸ்டர், நான் பொய் சொன்னேன். பயத்தில் சொன்னேன். ஆமாம் என்றால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டிவரும் என்று சொன்னேன். நீங்கள் கேட்டதற்கு இப்போது என் கையாலேயே பதில் எழுதுகிறேன். ஒருவர் நின்றார். என் இடது பக்கம், தோளோடு தோள் உரச. என்னைவிட ஒரு சாண் உயரம். நனைந்த வலையின் வாடை அடித்தது. அவர் பட்ட இடத்தில் சட்டை நனைந்தது. அலை அவ்வளவு உயரம் வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மதுரை தாண்டியும் அந்தக் கை காயவில்லை. கடைக்கண்ணால் ஒரே ஒரு தரம் பார்த்தேன். அவர் கடலைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர் இன்னும் என் இடது கையை விட்டுப் போகவில்லை. வலது கையால் இதை எழுதுகிறேன். தாள் நகராமல் அழுத்திப் பிடித்திருப்பது இடது கை.