சாயப் பீப்பாயில் அல்லிக்குளம்

தரணிக் கண்ணுக்கு மாமன் எழுதுவது,

படுத்துக் கிடக்கும் உன் அத்தை பார்ப்பதற்காக ஜன்னலோரம் அல்லிக்குளம் அமைத்துவிட்டேன். திருப்பூரிலேயே இப்படியொன்று கிடையாது. பனியன் கம்பெனி முதலாளிகள் காரை நிறுத்திப் பார்க்கிறார்கள்.

குளம் என்பது சாயப்பட்டறையில் வாங்கிப் பாதியாக அறுத்த பீப்பாய். எவ்வளவு தேய்த்துக் கழுவியும், விடிந்தால் தண்ணீர் சிவந்து, அதில் விட்ட மீன்கள் செத்து மிதக்கின்றன. அவள் விழிக்குமுன் தண்ணீரை மாற்றிப் புது மீன்களை விட்டுவிட்டு, "அதே மீன்தான், கொழுத்துப்போச்சு" என்பேன்.

டாக்டர் இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். குணமாகிவிட்டதால்தான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்று சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, நான் போயிட்டா இன்னொருத்தியக் கொண்டாந்து, அதே பொண்டாட்டிதான், கொழுத்துட்டாள்னு சொல்லுவீங்களா?"

ஊரையே பேச்சில் மடக்கும் நான், பேனாவை எடுத்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். சீக்கிரம் வா, கண்ணு.

உன் மாமன்