என் மக இருக்கற பக்கம் எறங்கு, ஆத்தா

ரவுண்ட் ராக்
9-8-98

அன்பு மக வான்மதிக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் நல்லா இருக்கறோம், நீ அந்த வூஹான்ல நனையாம, நேரத்துக்குத் தின்னு, நல்லா இருக்கோணும்னுதான் பொழுதன்னைக்கும் நெனப்பு. உன் ரூம் போன் அடிச்சுக்கிட்டே இருக்குது, எடுக்க ஆளில்ல. வேலை வேலைன்னு ஆத்துக் கரைமேலயே தண்ணி அளவு எடுத்துக்கிட்டு நிக்கறயாக்கும். அதான் எழுதறேன்.

இங்க மழையே இல்ல கண்ணு, புல்லெல்லாம் கருகிப்போச்சு. ஆடிப் பதினெட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கண்மணி ஆன்ட்டி வேலை முடிஞ்சு வந்து என்னைய பிரஷ்ஷி க்ரீக் ஓடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. அங்கங்க குட்டைதான் நின்னுச்சு. காப்பரிசி வெச்சு, ஃபாயில் தட்டுல வெளக்கேத்தி உட்டோம். பவானியில சின்னப் புள்ளையில இருந்து சொல்லிப் பழகுன வாய் பாரு, யோசிக்காம ஆத்தா காவேரி, கரை புரள வான்னு வேண்டிப்போட்டேன். நீ யாங்சி ஆத்துக் கரையில நிக்கறேங்கறதே அந்த நிமிசம் நெனப்பில்ல. வெள்ளிக்கெழமை டிவியைப் போட்டா, உனக்குக் கீழ்ப்பக்கம் ஜியூஜியாங்குல கரை ஒடைஞ்சு ஊருக்குள்ள தண்ணி. நான் வேண்டுனதாலதானோன்னு ஆயிப்போச்சு.

உங்கப்பாகிட்ட அழுதேன். நீ கேட்டுத்தான் யாங்சி பெருகுச்சுன்னா மொதல்ல டெக்சாசுக்கு மழை கேட்டிருக்கலாமேன்னு என்னைய நக்கல் பண்ணுனாரு. அப்பறம் நீ குடுத்த மேப்பை விரிச்சு வெச்சு, ஆறு மலையில இருந்து எறங்கி, நம்ம புள்ளைக்கு மேப்பக்கம் யீசாங்கைத் தாண்டுனா சமவெளி, சில எடத்துல வயக்காட்டை விட ஒசரத்துல கரைக்குள்ள ஆறு ஓடுது, முந்தி வெள்ளத்தை வாங்கிக்கிட்ட ஏரியில பாதியை வயலாக்கிப் போட்டாங்க, தண்ணி வேற எங்க போகும்னாரு. யீசாங்குல தண்ணி எறங்கிருச்சாமேன்னு நான் சந்தோசப்பட்டா, மேட்டூர்ல தொறந்த தண்ணி பவானிக்கு வராமயா போயிரும், அங்க எறங்குனது இனிமேத்தான் உன் மககிட்ட வரும்ங்கறாரு. சொல்லிப்போட்டு மேப்பை மடிக்கத் தெரியாம வெகு நேரம் மடிச்சுக்கிட்டே இருந்தாரு.

நேத்து மறுபடியும் க்ரீக்குக்குக் கூட்டிப் போங்கன்னேன். சாமி பூதம் எதுவும் வேண்டாம்னு உனக்குத் தமிழ்ப் பேரு வெச்ச மனுசன், உடனே வண்டியை எடுத்தாரு. தெரியாம வேண்டிப்போட்டேன் ஆத்தா, என் மக இருக்கற பக்கம் எறங்குன்னு கேட்டேன். பொறந்ததுல இருந்து ஒரு ஆத்தைப் பார்த்து எறங்குன்னு கேட்டது இதுதான் மொதல் தடவை. திரும்பிப் பார்த்தா உங்கப்பா செருப்பைக் கழட்டிப்போட்டு அந்தச் சுடு மண்ணுல வெறுங்காலோட நிக்கறாரு. நான் கண்டுக்காத மாதிரி வந்துட்டேன், நீயும் கேட்டுப்போடாதே.

உடனே கெளம்பி வந்துருன்னு எழுதத்தான் உக்காந்தேன். அந்தச் சனம் மண் மூட்டை சுமக்கறப்ப நீ வர மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா கரையை விட்டுப் போகச் சொன்னாங்கன்னா மொத ஆளா போயிரோணும், இன்னொரு அளவு பார்த்துட்டு வர்றேன்னு நிக்கப்படாது. ஆடிப் பதினெட்டு நோம்பி மஞ்சக்கயிறு கவருக்குள்ள வெச்சிருக்கறேன், கையில கட்டிக்க. நோய் நொடி இல்லாம நூறு வயசுக்கு இரு சாமி. தண்ணி எறங்குனதும் போன் பண்ணு, இங்க என்ன நேரம்னு பார்க்காதே. உங்கப்பா போனைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத்தான் ஒறங்கறாரு.

இப்படிக்கு,
உன் அம்மா
சாந்தாமணி