ஒரு கோப்பைத் திராட்சையின் நிறை

இஞ்சாருங்கோ,

நாற்பத்து மூன்று வருடம் உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கடிதத்திலும் அது வராது. என் அன்பெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

இங்கே வில்லரேயில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. சண்டை நின்று நம் ஊருக்குப் பாதை திறந்துவிட்டார்களாம். போய்வர எனக்கு முழங்கால் இல்லை. மெத்ரோ ரயிலின் படிகளே போதும் போதும் என்றாகிவிட்டது.

யேசு பிறப்புக்கான நத்தார் கேக் இந்த வருடம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். முன்பெல்லாம் நான் என் சமையல் குறிப்புக் கொப்பியைப் பார்த்து அளவு சொல்வேன், நீங்கள் பழங்களை நிறுத்து வெட்டித் தருவீர்கள். நீங்கள் கண்மூடிய பிறகு, போன வருடம் முதல் முறையாக எல்லாம் நானே செய்தேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் மதர் சொல்லி நான் எழுதியபடி, உலர்ந்த திராட்சை ஒரு இறாத்தல், பதினாறு அவுன்ஸ். கூடவுமில்லை, குறையவுமில்லை. கேக் வறண்டு, கத்தி பட்டதும் உதிர்ந்தது. கோயிலில் பூசை முடிந்து ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். இரண்டாம் துண்டு யாரும் கேட்கவில்லை.

போன ஞாயிறு நம் மூத்தவன் றெஜி ரொக்ஸ்பரோவிலிருந்து வந்தான். தராசு பழுதா என்று பார்க்கச் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு.

"அப்பா எங்கையம்மா தராசு பாவிச்சவர்? அந்தச் சின்ன இலக்கம் அவரின்ரை கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பாக்காத நேரம் நீலக் கோப்பையாலை எல்லோ அள்ளினவர்."

கோப்பையால் அளப்பவர்கள் கவனமில்லாதவர்கள் என்று எத்தனை பெண்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! நீங்கள் பக்கத்தில் பழம் வெட்டிக்கொண்டிருந்தீர்கள்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில், ஒரு கோப்பைத் திராட்சை ஐந்து அவுன்ஸ் என்று இருக்கிறது. அதை மனதில் வைத்துத்தான் இறாத்தலுக்கு மூன்று கோப்பையும் கொஞ்சமும் போட்டிருப்பீர்கள். நீலக் கோப்பையை நிரப்பித் தராசில் கொட்டினேன். சரியாக ஐந்து. பிறகு பிழை எங்கே என்று அவனைக் கேட்டேன்.

"அப்பிடியில்லையம்மா. கையாலை அமத்திப்போட்டு, பேந்தும் போடுறவர்."

உங்களைப் போலவே உள்ளங்கையால் அமத்தி, மேலும் போட்டு நிரப்பினான். தராசு ஏழு காட்டியது. அப்படியென்றால் கோப்பைக்கு இரண்டு, இறாத்தலுக்கு ஆறு அவுன்ஸ் கூட. ஊரெல்லாம் புகழ்ந்த என் கேக் அந்த ஆறு அவுன்ஸ்தான்.

கண் மங்கியதை ஏன் மறைத்தீர்கள்? என் வாய்க்குப் பயந்தா? அல்லது மதரின் அளவு போதாது என்று தெரிந்தே அமத்தினீர்களா? சொல்லியிருந்தால் சண்டைதான் பிடித்திருப்பேன். அது எனக்கும் தெரியும்.

நேற்று நானே அமத்திப் பார்த்தேன். என் கைக்கு ஆறுக்கு மேல் ஏறவில்லை. மீதியைத் தராசில் நிறுத்துப் போட்டேன். சுட்டெடுத்த கேக் உதிரவில்லை. கொப்பியில் ஐந்தை வெட்டி ஏழு என்று மையால் எழுதினேன். இத்தனை வருடத்தில் அந்தக் கொப்பியில் நான் வெட்டிய முதல் எண் அது.

நத்தாரன்று யாராவது கேக்கைப் புகழ்ந்தால், அளவு என்னுடையதல்ல, இவருடையது என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வேன். அதைச் சொல்ல நான் எவ்வளவு பாடுபடுவேன் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள் மனைவி,
திரேசா