தூக்க இரண்டு பேர்

ஜூன் 3

அன்புள்ள சிட்டுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பயந்துவிடாதே, படுத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் பேசினால் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அத்தைக்கு எல்லாம் கேட்கும். இது அவர் காதில் விழ வேண்டாம்.

போன வாரம் அத்தையைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது பக்கம் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று உனக்குத் தெரியும். வழக்கம்போல என் கழுத்தைக் கட்டிக்கொண்டார், நான் குனிந்து தூக்கித் திரும்பினேன். அவரை உட்காரவைத்துவிட்டு நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் அவ்வளவு கனமாவா இருக்கேன்?" என்று கேட்டார்.

"இல்ல அத்தை, கால் வழுக்கிடுச்சு" என்றேன். நம்பவில்லை. அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்க மறுத்துவிட்டார். குடித்தால் மறுபடி தூக்க வேண்டியிருக்குமே!

வெறும் தசைப்பிடிப்புதான், ஆனால் இப்படியே தூக்கினால் அடுத்த முறை சும்மா விடாது என்கிறார் மருத்துவர். உன் அண்ணன் இடுப்பு பெல்ட் ஒன்று வாங்கிக் கொடுத்து, "ஜாக்கிரதையா இரு" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். என் விடுப்பு அக்டோபரோடு முடிகிறது. டிப்போவின் மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் பஸ் ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான். யார் யாருக்கோ உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாய். எனக்கும் ஏதாவது சொல்லேன்.

உன் அண்ணி


ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்ததும் என் இடுப்பும் வலித்த மாதிரி இருந்தது. முதலில் வலி அடங்கட்டும். காலுக்கு வலி இறங்கினாலோ, மரத்துப்போனாலோ உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எங்கள் பயிற்சிக்கூடத்தில் கண்ணாடி முன் நின்று பெரிய பெரிய எடையைத் தூக்குபவர்கள், வீட்டில் குழந்தையின் பள்ளிப்பையை எடுக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கையைத் தனியாக, காலைத் தனியாகப் பழக்கினால் இப்படித்தான். குனிவது, எழுவது, சுமப்பது, திரும்புவது என்று அன்றாடம் செய்கிற வேலைகளையே உடம்புக்குப் பழக்க வேண்டும். அதைத்தான் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். ஒரு கையில் மட்டும் தண்ணீர் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, உடம்பு சாயாமல் கூடத்தில் நடங்கள். முதலில் பாதி பக்கெட் போதும். குனியும்போது முதுகை வளைக்காமல், பின்னாலிருக்கும் கதவை இடுப்பால் தள்ளி மூடுவதுபோல் இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். திரும்ப வேண்டுமென்றால் பாதங்களைத் திருப்புங்கள், இடுப்பை முறுக்காதீர்கள்.

அம்மாவைக் கழுத்தைப் பிடிக்க விடவே விடாதீர்கள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, பிரேக் போட்டு, அம்மாவின் பாதங்கள் தரையில் பதிந்த பிறகு முன்னால் சாயச் சொல்லுங்கள். அவரும் எழ முயல்வார், உங்களுக்குப் பாதி பாரம் குறையும்.

எனக்கும் வர ஆசைதான் அண்ணி. இங்கே இப்போது விடுப்பு கேட்கவே முடியாது. அம்மாவை என் சார்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்
சிட்டு


ஆகஸ்ட் 22

அன்புள்ள சிட்டுவுக்கு,

பதில் போடத் தாமதமானதற்கு உன் பக்கெட்தான் காரணம். நான் அதைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் உலாத்துவதை அத்தை கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கெட்டை எங்கம்மா கூட்டிட்டுப் போற?" என்றார் ஒருநாள். சிரித்ததில் பாதித் தண்ணீர் தரையில். அப்புறம் அவரும் சேர்ந்துகொண்டார். "முன்னாடி சாயணும், அதானே?" என்று கேட்டுக் கேட்டுச் சாய்கிறார்.

போன மாதம் குளியலறையில் அவர் கால் மடங்கிவிட்டது. யோசிக்க நேரமே இல்லை. என் பாதம் தானாகத் திரும்பியது, முட்டி மடங்கியது, அவரை என்மேல் சாய்த்து மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டேன். அவருக்குச் சிராய்ப்புகூட இல்லை, என் இடுப்பும் முணுமுணுக்கவில்லை. இருவரும் ஈரத்தரையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நடந்ததை உன் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவருக்கும் பெருமைதான். மறு வாரமே, பகலில் சம்பளத்துக்கு உதவிக்கு வந்துகொண்டிருந்த அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். "நீதான் இப்ப பயில்வான் ஆயிட்டியே, ரெண்டு பேர் எதுக்கு?" என்றார். வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றேன். "அப்ப அம்மாவை யார் பாத்துப்பா?" என்று கேட்டார். உண்மையாகவே பதில் தெரியாதவர் மாதிரிதான் கேட்டார்.

சிட்டு, உன் பயிற்சி என் முதுகைக் காப்பாற்றியது. ஆனால் முதுகு நன்றாக ஆனதும் அதன்மேல் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள். 'எனக்கும் வர ஆசைதான்' என்று எழுதியிருந்தாய். வாழ்த்து அட்டையில் அச்சடித்த வரி மாதிரி இருந்தது. கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இருக்கிறது.

அண்ணி


செப்டம்பர் 9

அண்ணிக்கு,

புதிதாக ஒருவர் பயிற்சிக்கு வந்தால் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். எவ்வளவு சுமக்கிறீர்கள்? எப்போது ஓய்வு எடுக்கிறீர்கள்? ஓய்வில்லாத உடம்பு எவ்வளவு சரியாகத் தூக்கினாலும் ஒருநாள் விட்டுக்கொடுத்துவிடும். உங்களிடம் இரண்டையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துபோயிருக்கும்.

நேற்று அண்ணனிடம் பேசினேன். "அவளுக்கு இன்னும் ரெண்டு பயிற்சி சொல்லிக்கொடேன், சமாளிச்சிடுவா" என்றான்.

"உனக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வரேன். பக்கெட்டை ரெடியா வை" என்றேன்.

அப்புறம், "எனக்குப் பயமா இருக்கு சிட்டு, அம்மாவைக் கீழ போட்டுட்டா?" என்றான். இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

அக்டோபர் கடைசியில் வருகிறேன். சம்பளமில்லா விடுப்பு, ஜனவரி வரை. பகல் அக்காவைத் திரும்பக் கூப்பிட அண்ணன் ஒத்துக்கொண்டான். காலையும் இரவும் அவனும் நானும். நீங்கள் பரிசோதனைக்குப் போங்கள்.

அம்மாவிடமும் சொன்னேன். "நான் ஒண்ணும் உன்னை வரச் சொல்லலையே" என்றார். போனை வைக்கும் முன், "எந்தத் தேதி?" என்றார்.

கோபத்தை வைத்திருங்கள் அண்ணி. நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

சிட்டு


பிப்ரவரி 2

அன்புள்ள சிட்டுவுக்கு,

நீ கிளம்பிய பிறகு வீடு கொஞ்சம் சத்தம் குறைந்திருக்கிறது. நேரில் திட்ட வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம், வந்த முதல் நாளே நீ அத்தையின் தலையை வாரிவிட்டுக்கொண்டு அழுததில் வீணாகிவிட்டது.

பரிசோதனையில் தேறியதை நேரில் கொண்டாடினோம். இப்போது காலை முதல் வண்டி என்னுடையது. கிளட்ச் மிதித்து மிதித்து மாலையில் கால் கடுக்கிறது, முதுகு கடுக்கவில்லை.

உன் அண்ணன் காலையில் தனியாகவே அத்தையை நாற்காலிக்கு மாற்றுகிறார். பாதத்தைச் சரியாக வைக்கிறார், மூச்சைத்தான் பிடித்துக்கொள்கிறார். "மூச்சை விடுடா" என்று அத்தை அதட்டுகிறார். என்னிடம் ரகசியமாக, "நீ தூக்கினா எனக்குத் தெரியவே தெரியாது. இவன் தூக்கினா ஊருக்கே தெரியுது. போகட்டும், கத்துக்கட்டும்" என்றார். போன வாரம் உன் அண்ணனுக்கு முதுகு லேசாகப் பிடித்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் தைலம் தேய்த்துவிட்டேன். "தினமும் உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை நாளும் நான் கடைக்குக் கிளம்பினால்கூட அத்தை, "சீக்கிரம் வந்துடும்மா" என்பார். இன்று விடியற்காலையில் சீருடை போட்டுக்கொண்டு கட்டிலருகே போய் நின்றேன். விழித்துத்தான் இருந்தார். என் காலர் மடங்கியிருந்ததை வலது கையால் சரிசெய்துவிட்டு,

"நிதானமா ஓட்டிட்டு வா" என்றார்.

உன் அண்ணி